பித்தளை மணியும் கருவடிக்குப்பத்துப் பசுவும்

எங்கள் கால்நடை மருத்துவர் சங்கத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்ததில்லை. செயற்குழுவில் பணிமூப்பு மிக்கவர் எவரோ அவரே தலைவர்; அவருக்கு அடுத்தவர் துணைத்தலைவர். நாடெங்கும் கிளைகள் கொண்ட சங்கம்தான். ஆயினும் என் நினைவுக்கு எட்டியவரையில் அதன் தலைமைக்காக எவரும் எவருக்கும் வாக்களித்ததில்லை. நானும் அவ்வழியே வந்தவன். எனக்கு முன் தலைவனாக இருந்தவன் என் கல்லூரித் தோழன், என்னைப் போலவே புதுச்சேரிக்காரன். அவன் எழுந்த இருக்கையில் நான் அமர்ந்தேன், அவ்வளவே.

அமர்ந்த பின்னர்தான் எதிரே இருந்த நாற்காலிகளைப் பார்த்தேன். எங்கு கூட்டம் கூட்டினாலும் முன் வரிசைகளில் ஓய்வு பெற்ற பேராசிரியர்களும் இயக்குநர்களும் இருப்பர். பின் வரிசைகள் வெறுமையாக இருக்கும். சிற்றூர்களில் மாடு பார்க்கும் இளம் மருத்துவர்கள் சந்தா கட்டிவிட்டு, மறு ஆண்டு அதையும் நிறுத்திவிடுவார்கள். காரணம் கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஆண்டுக் கூட்டம் எங்கோ தொலைவில் நடக்கிறது. மாட்டை விட்டுவிட்டு அங்கே வர இயலாது. வராதவனுக்குப் பேச்சும் இல்லை, வாக்கும் இல்லை.

ஆகவே சங்க விதிகளில் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தேன். தலைவரை உறுப்பினர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே கைப்பேசி வழியாக வாக்களிக்கலாம். என் தோழன் இதைக் கடுமையாக எதிர்த்தான். அவன் சிறுமதியாளன் அல்லன். வழக்கை நேரில் கேளாதவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அவன் கொள்கை. விரலால் ஒரு கண்ணாடித் துண்டைத் தட்டுபவனுக்கு அவையில் நடந்த விவாதம் எப்படித் தெரியும் என்று கேட்பான். 

திருத்தம் நிறைவேற, அவையில் இருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் கை உயர்த்த வேண்டும். தலைவரின் ஊரில் சிறப்புக் கூட்டம் கூட்டுவது மரபு. எனவே புதுச்சேரியில் கூடுவதென முடிவாயிற்று. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, மேற்கே உள்ள ஒரு சிற்றூரின் மாட்டாஸ்பத்திரியைப் பார்த்துவந்த இளம் பெண் மருத்துவர் என் இல்லத்துக்கு வந்தார். களப்பணி மருத்துவர்கள் எல்லாரும் அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பார்கள் என்பதை நான் அறிவேன். நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"சார், பட்டுனு கேக்கறேன். இது ஜெயிக்குமா, ஜெயிக்காதா?"

"சொல்லத் தெரியவில்லை, அம்மா. கை உயர்த்த வேண்டியவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள்."

"யாரு நாற்காலி போவுதோ அவுங்களே கையத் தூக்கணும். அதானே சார்?"

ஆம் என்று தலையசைத்தேன்.

"தோத்துச்சுன்னா நாங்க தனிச் சங்கம் வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். ஆந்திராக்காரங்க, கர்நாடகாக்காரங்க எல்லாரும் பேசியாச்சு. மெரட்டறேன்னு நெனைக்காதீங்க சார். சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு வந்தேன்."

"கூட்டத்துக்கு வருவீர்கள் அல்லவா?"

"ஒரு வேன் நெறைய வருவோம் சார். அன்னிக்கி லீவு போட்டாச்சு."

அவர் சென்ற பின் விரல்விட்டுக் கணக்கிட்டேன். அந்த வேனில் வருவோர் அனைவரும் கை உயர்த்தினால் திருத்தம் தப்பிப் பிழைக்கும். வேன் வராவிட்டால் தோற்கும். தோற்றால் சங்கம் இரண்டாகும். எங்கள் பங்கில் எஞ்சுவது முன் வரிசைகள் மட்டுமே.

உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்கு அருகே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் அவைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. நுழைவாயிலில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும். உறுப்பினர் தம் கைப்பேசியை அதில் இட்ட பின்னரே உள்ளே வரலாம். மருத்துவர்கள் கூடிய இடத்தில் அது அவர்களைச் சும்மா விடாது; ஒருவர் வரவு செலவு அறிக்கை படிக்க, மற்றொருவர் நாய்க்குப் பேதி மருந்து சொல்லிக்கொண்டிருப்பார். மற்றொன்று மணி. மாட்டின் கழுத்தில் கட்டும் பித்தளை மணி, நிறுவியவர்கள் காலத்தது. தீர்மானம் வாசிக்கப்படுமுன் தலைவர் அதை அடிப்பார், கதவு சாத்தப்படும். வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே இருப்பவர் வெளியேதான்.

காலையில் மண்டபம் நிறைந்தது. வட மாநிலத்தவர் பலர் குடும்பத்துடன் வந்திருந்தார்கள். கடற்கரை பார்க்கும் ஆசை. பின் வரிசைகள் மட்டும் காலியாக இருந்தன. வேனைக் காணவில்லை.

நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் தொடங்கின. நான் நேரத்தை நீட்டினேன். வரவேற்புரையை நீட்டினேன், அறிக்கையை நீட்டினேன். மறைந்த உறுப்பினர்களுக்கான இரங்கல் தீர்மானத்தில், ஒவ்வொருவருடைய பணிக்காலத்தையும் விரித்துரைக்கத் தொடங்கினேன். மேடையில் என் வலப்பக்கம் அமர்ந்திருந்த தோழன், ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"செத்தவங்கள இன்னும் எவ்ளோ நேரம்டா சாவடிப்ப?"

"அவர்களுக்கு உரிய மரியாதை."

"மரியாத இல்ல, முசே. நீ வேனுக்குக் காத்திருக்க. எனக்குத் தெரியாதா? அடி மணிய."

சினம் வந்தால்தான் அவன் என்னை 'முசே' என்று அழைப்பான். அவன் தந்தையார் பிரெஞ்சுக்காரர் காலத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 'ஐயா' என்று பொருள்படும் அச்சொல், வீட்டில் மிஞ்சிய பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று.

இரங்கல் முடிந்தது. எல்லாரும் எழுந்து நின்று அமர்ந்தார்கள். இனி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை. மணியைக் கையில் எடுத்தேன். அதன் நாவைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன் என்பது நினைவிருக்கிறது, தற்செயலாகவும் ஒலித்துவிடக் கூடாதென்று.

அப்பொழுது சங்கச் செயலாளர் நுழைவாயிலிலிருந்து விரைந்து வந்தார். அவர் கையில் அலுவலகக் கைப்பேசி இருந்தது. அது ஒன்றுக்கு மட்டும் கூடையிலிருந்து விலக்கு உண்டு. என் காதருகே குனிந்து, "அந்த டாக்டரம்மா லைன்ல இருக்காங்க சார். அவசரமாம்" என்றார்.

நான் கை நீட்டுமுன் தோழன் எழுந்துவிட்டான். அவையைப் பார்த்து ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னான்: வாக்கெடுப்புக்கு முன் தலைவர் ஒரு தரப்பாரோடு தனியாகப் பேசுவது முறையன்று, பேசுவதாயின் அனைவரும் கேட்கப் பேசட்டும். முன் வரிசைகளில் ஆமோதிப்பு எழுந்தது. அவன் கேட்டது நியாயமே. அழைப்பை வெளியே கேட்கும்படி மாற்றி, கைப்பேசியை ஒலிவாங்கியின் முன் வைக்குமாறு செயலாளருக்குச் சொன்னேன்.  எத்தனை பேர் நம் பக்கம் என்று அந்த மருத்துவர் கேட்டுவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது.

"சார், மன்னிச்சுக்குங்க. கருவடிக்குப்பத்துல மாட்டிக்கிட்டோம்."

நகரின் வடபுறத்திலிருந்து வந்த அவர் குரல் மண்டபம் முழுவதும் ஒலித்தது. தோழன் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தான்.

"அங்க என்னம்மா வேல? ஓட்டு இங்கல்ல போடறாங்க?"

"மாடு சார். வேன் மெதுவா வந்துது. ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுக்கினு கதவப் போட்டுத் தட்டுனாங்க. மாடு ராத்திரிலேர்ந்து முக்கிக்கினு இருக்குதாம், பனிக்குடம் ஒடையல. கை வுட்டுப் பாத்தேன். டார்ஷன் சார்."

"அதுக்கு ஒரு வேன் டாக்டரா? ஒருத்தர வுட்டுட்டு மத்தவங்க வர வேண்டியதுதானே?"

"உருட்டணும் சார். தல புடிக்க, முன்னங்கால் கயிறு, பின்னங்கால் கயிறு... எல்லாரும் வேணும். இந்த அம்மா வீட்ல ஆம்பள ஆளு யாரும் இல்ல."

அவர் சொன்னது கருப்பை முறுக்கம். சினைப்பசுவின் கருப்பை, துணிப்பையின் கழுத்தைத் திருகியது போல முறுக்கிக்கொள்ளும். கன்று வெளியேற வழி அடைபட்டுவிடும். முறுக்கு எப்பக்கமோ அப்பக்கமாகப் பசுவைக் கிடத்தி உருட்டினால், கருப்பை அசையாதிருக்க உடல் சுழன்று முறுக்கு அவிழும். தவறான பக்கம் உருட்டினால் மேலும் இறுகும். செயலாளர் வட மாநிலத்தவருக்காக இதை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 'டார்ஷன்' என்ற சொல்லைக் கேட்டதுமே அவர்கள் நிமிர்ந்துவிட்டதால், மொழிபெயர்ப்புக்குத் தேவை இருக்கவில்லை.

தோழன் தன் பணிக்காலம் முழுவதும் மாட்டு மகப்பேறு கற்பித்தவன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயை மூடிக்கொள்ளத்தான் முயன்றான், முடியவில்லை.

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட் சார்."

"நல்லாப் பாரு. இந்த ஊர்ல நான் பாத்ததுல முக்காவாசி ரைட்டு."

"மடிப்பு இடது பக்கமாத்தான் சார் ஓடுது."

முன் வரிசையிலிருந்து பஞ்சாப் மருத்துவர் ஒருவர் எழுந்து, வலப்பக்கமாகவே இருக்க வேண்டும் என்றார். அவர் எருமைகளில் வல்லவர். வங்கத்தார் ஒருவர் அது பசு, எருமையன்று என்று மறுத்தார். ஓர் அம்மையார் தம் மாட்டு மகப்பேற்று அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினார். கணப்பொழுதில் அவை இரண்டாகப் பிளந்து நின்றது. வலம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம். திருத்தத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இரு பக்கத்திலும் கலந்து நின்று கத்தினார்கள். நான் மணியைப் பிடித்தபடி நின்றேன். ஒழுங்குபடுத்த அதை அடிக்க முடியாது. அடித்தால் கதவு சாத்தப்படும்.

"சார், சட்டுனு சொல்லுங்க, என் கை இன்னும் உள்ளதான் இருக்குது. மாடு முக்குது, எலும்பே ஒடஞ்சிடும் போல."

தோழன் மேசையைத் தட்டினான். அவை அடங்கியது.

"உன் கை உள்ள இருக்குது. என் கை மைக்குல இருக்குது. நீ சொல்றதுதான். லெஃப்ட்டே உருட்டு. பலக வெச்சியா?"

"இல்ல சார். வெறுமனதான் ரெண்டு வாட்டி உருட்டுனோம். அவுழல."

"பலக இல்லாம உருட்டுனா மாட்டோட சேந்து உள்ள இருக்கறதும் சுத்தும். அப்புறம் எங்கேர்ந்து அவுழும்? விலா மேல ஒரு பலகயப் போட்டு ஒரு ஆளு ஏறி நின்னுக்கணும். கதவ கிதவக் கழட்டு."

பின்னணியில் வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டது. "எந்தக் கதவ? கக்கூசு கதவு பிளாஸ்டிக்குதான் இருக்குது!"

மண்டபத்தில் தமிழ் அறிந்தவர்கள் சிரித்தார்கள். தோழன் சிரிக்கவில்லை. "பெஞ்சு இருக்குதாம்மா? துணி தொவைக்கற பலக? எதுனா நீளமா."

"எதுத்த வூட்டு டீக்கடைல பெஞ்சு இருக்குது."

"கால அடிச்சி எடுங்க. பலக மட்டும் போதும்."

பின்பு நாங்கள் கேட்டவை ஓசைகள் மட்டுமே. ஓடும் காலடிகள். மரம் பிளக்கும் ஓசை. டீக்கடைக்காரரின் வசை, அதைத் தொடர்ந்து அவரே "தள்ளு தள்ளு, நான் ஏறறேன்" என்றது. "நீ வேணாம், நீ வெயிட்டு!" என்ற கூச்சல். பசுவின் நீண்ட முனகல். "இழு... இழு... வுடாத!" வெளியூர் உறுப்பினர்கள் நாற்காலிகளை விட்டு மேடையருகே வந்து குழுமினர். 

"அவுந்துச்சு சார்! அவுந்துச்சு! கை உள்ள போவுது!"

கைதட்டல் வெடித்தது. பஞ்சாப் மருத்துவர் வங்கத்தாரின் தோளை அறைந்தார். தோழன் மட்டும் கையமர்த்தினான். "இருங்க, இருங்க. கன்னு எப்புடி இருக்குது?"

 பதில் வந்தபோது அக்குரல் தாழ்ந்திருந்தது.

"வாயில விரல் வெச்சேன் சார். சப்பல. கால கிள்ளிப் பாத்தேன், இழுக்கல."

"வெளிய எடு. மாட்டப் பாக்கணும்."

சற்று நேரத்தில் கன்று வந்தது. உயிரில்லை. வீட்டுக்கார அம்மா, "மாடு பொழைக்குமா டாக்டரம்மா? அத்த மட்டும் சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். பொழைக்கும், நிச்சயம் பொழைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மேடையருகே நின்றவர்கள் தங்கள் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள்.

"உள்ள கிழிசல் இருக்குதான்னு கை வுட்டு நல்லாப் பாரு. ரத்தம் வந்தா நிக்கிற வரைக்கும் நகராத" என்றான் தோழன்.

மருத்துவனாகச் சொன்னானா, எதிரணியாகச் சொன்னானா என்று ஒரு கணம் ஐயுற்றேன். அவ்விடத்தில் நானாயினும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"சரி சார். நாங்க கழுவிட்டுக் கெளம்பி வர நேரமாவும். ஓட்ட நிறுத்தி வெக்க முடியுமா?"

இம்முறை கேள்வி என்னை நோக்கியது. நான் அவையைப் பார்த்தேன். தோழன் எழுந்து நின்றான், குரல் உயரவில்லை.

"போன வருஷம் ரயில் லேட்டாகி வந்தவங்க கதவுக்கு வெளியதான் நின்னாங்க. அப்ப நான்தான் தலைவர். அவுங்களுக்குத் திறக்கல. இப்போ இவுங்களுக்குன்னா திறக்கணுமா? ஒனக்கு வேண்டியவங்கன்னா ஒரு விதியா?"

 நான் செய்யத்தக்கது ஒன்றே இருந்தது. கைப்பேசியை நோக்கிச் சொன்னேன்.

"முடியாது, அம்மா. மணி அடிக்கப் போகிறேன்."

 "சரி சார்" என்றார். இணைப்பு அறுந்தது.

நான் மணியை உயர்த்தியபோது, மராட்டியத்திலிருந்து வந்திருந்த மூத்தவர் ஒருவர் கை உயர்த்தினார். திருத்தத்தை எதிர்ப்பதாக முந்தைய நாளே என்னிடம் நேரில் சொன்னவர். விளக்கம் ஒன்று வேண்டும் என்றார். இவ்வளவு நேரம் நம்மோடு பேசிய அந்த மருத்துவருக்கு இத்தீர்மானத்தில் வாக்கு உண்டா?

செயலாளர் விதியை வாசித்தார். அவர் சங்க உறுப்பினர். ஆயினும் மண்டபத்தில் இல்லாததால் வாக்கு இல்லை.

மூத்தவர் தலையசைத்து அமர்ந்தார். ஒலிவாங்கியின் முன் கிடந்த கைப்பேசியை ஒருமுறை பார்த்தார்.

மணியை அடித்தேன். கதவு சாத்தப்பட்டது. தீர்மானத்தை வாசித்தேன். ஆதரிப்போர் கை உயர்த்துக என்று சொல்லிவிட்டு, முதலில் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; நிமிர மனம் வரவில்லை. நிமிர்ந்தபோது மராட்டிய மூத்தவரின் கை உயர்ந்திருந்தது. பஞ்சாப் மருத்துவரின் கை உயர்ந்திருந்தது. இடமென்றவரும் வலமென்றவரும் முன் வரிசைகளில் கை உயர்த்தி இருந்தார்கள். எண்ணிக்கையாளர்கள் இருவர் இருமுறை எண்ணினார்கள். எதிர்ப்போர் என்றதும் என் வலப்பக்கத்தில் தோழனின் கை உயர்ந்தது; நேராக, தயக்கமின்றி. அவனுடன் சிலர். நான்கில் மூன்று பங்கைக் கடந்து, திருத்தம் நிறைவேறியதாக அறிவித்தேன். 

"கேட்டது கேட்டாப்பல ஆயிப்போச்சு, முசே" என்றான் அவன்.

"நீயும் மாறுவாய் என்று எண்ணினேன்."

"ஏன் மாறணும்? மாட்டப் பத்திப் பேசினா மாடு. ஓட்டுன்னா ஓட்டு. கைப்பேசி, ஒலிவாங்கின்னு செந்தமிழ் பேசிக்கினு... போன வெச்சுத்தான என்ன ஜெயிச்ச? போன்னே சொல்லேன் ஒரு நாளாவது."

கதவு திறந்தது. உணவுக்கூடத்தில் இலை போட்டு மீன்குழம்பு பரிமாறத் தொடங்கிய வேளையில் வேன் வந்து நின்றது. இறங்கியவர்களின் ஆடையிலும் முழங்கையிலும் சாணமும் குருதியும் அரைகுறையாகக் கழுவப்பட்டிருந்தன. அந்த மருத்துவர் முன்னே வந்தார். நானே சொன்னேன்.

"நிறைவேறிவிட்டது."

நம்பாமல் பார்த்தார். உள்ளிருந்தவர்கள் எழுந்து வந்து அவர் தோழர்களின் கையைக் குலுக்குவதைக் கண்ட பின்னரே நம்பினார் என்று எண்ணுகிறேன்.

"தனிச் சங்கம் என்ற பேச்சு?" என்று கேட்டேன்.

"இப்போதைக்குப் பசிக்குது சார்" என்றார்.

அவர் இலையின் முன் அமர்ந்து இரண்டு வாய் உண்டிருப்பார். தோழன் வந்து எதிரே நின்றான். வாழ்த்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"நஞ்சுக்கொடி விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல சார். சாயங்காலம் போயிப் பாக்கணும்."

"மாடு நிக்குதா?"

"எந்திரிச்சது சார். மறுபடி படுத்துக்கிச்சு."

"படுத்துக்கிச்சா? அப்போ ஏன் இங்க ஒக்காந்து மீன் தின்னுக்கினு இருக்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பசி சார். நீங்க வேணா போயிப் பாருங்களேன். ஓட்டு போட்டாச்சுல்ல?"

  தோழன் கார் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

"எனக்கு அந்தத் தெரு தெரியாது. கையக் கழுவிட்டு வா, வழி காட்டு."

"எனக்கும் சரியாத் தெரியாது சார். டீக்கடைக்காரரு கத்தறது கேட்டா அதான் தெரு."

இருவரும் வெளியேறினார்கள். சாலையில் அவர்கள் கார் வடக்கே திரும்புவதைச் சாளரம் வழியாகப் பார்த்தேன்.

மாலையில் மண்டபத்தின் படிகளில் நின்று, மரபின்படி குழுப்படம் எடுத்தோம். எங்கள் சங்கத்தின் விதியை மாற்றிய அவை என்று கீழே பொறிக்கப்பட்ட அப்படம் இன்றும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. முன்னாள் தலைவனுக்கென ஒதுக்கிய நாற்காலி அதில் வெறுமையாக இருக்கிறது. அந்த மருத்துவரையும் அதில் காண இயலாது. படம் எடுத்த வேளையில் இருவரும் கருவடிக்குப்பத்தில், எழ மறுத்த பசுவின் இருபக்கமும் நின்று, சுண்ணாம்புச்சத்து மருந்தை எவ்வளவு விரைவாக ஏற்றலாம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்களாம்.